பவளத் தொட்டியில் பாசி: எந்த ஃபில்டர், எதற்கு, எப்போது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடியை நேற்றுத்தான் துடைத்தோம், இன்று மறுபடி பச்சை. பாறையில் முடிமுடியாக வளர்ந்த பாசி, பவளத்தின் அடியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. உப்புநீர்ப் பவளத் தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நல்ல ஃபில்டராக ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று அப்போது தோன்றும். வாங்கலாம்தான். எதை வாங்குவது என்பது உங்கள் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த முடிவுக்கு உதவும் கேள்விகளும் பதில்களும் கீழே.

எந்த ஃபில்டர் பாசியைக் கொல்லும்?

பாறையில் ஒட்டி வளரும் பாசியை எந்த ஃபில்டரும் கொல்லாது. அதன் சாப்பாட்டைக் குறைக்கத்தான் ஃபில்டரால் முடியும்.

பாசிக்கு வெளிச்சம் வேண்டும், நைட்ரேட் வேண்டும், பாஸ்பேட் வேண்டும். வெளிச்சத்தை ஓரளவுக்கு மேல் குறைத்தால் பவளம் வாடும். மிச்சமிருப்பது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இரண்டும் பெரும்பாலும் மீனுக்குப் போடும் தீனி வழியாகத்தான் உள்ளே வருகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர் தீனியின் எடையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கும். 1 கிராம் தீனி என்றால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது 30 மில்லிகிராம் பாஸ்பேட். 200 லிட்டர் தொட்டியில் அவ்வளவும் கரைந்தால் 0.15 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறிவிடும். பவளத் தொட்டிக்கு அதுவே அதிகம். அதில் ஒரு பங்கு மீனின் உடம்பில் சேரும், மீதி கழிவாகத் தண்ணீருக்குத் திரும்பும்.

தீனி கழிவாகிறது, கழிவு அழுகுகிறது, அழுகியது நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாக மாறுகிறது. ஒவ்வொரு கருவியும் இந்தப் பாதையில் ஓர் இடத்தில் நின்று வேலை பார்க்கிறது. திடமாக இருக்கும்போதே பிடிப்பது ஃபில்டர் சாக் என்ற துணிப்பை. கரைந்து, இன்னும் முழுதாகச் சிதையாத நிலையில் நுரையாகப் பிடிப்பது ஸ்கிம்மர். சிதைந்து முடிந்த பிறகு எடுப்பவை, பாசி வளர்க்கும் தனி அறையான ரிஃப்யூஜியமும் பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளான ஜிஎஃப்ஓவும். உங்கள் தொட்டியில் எந்த இடத்தில் அடைப்பு வேண்டும் என்று பார்த்துத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

என் தொட்டியில் இருப்பது பாசிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். தவறாக அடையாளம் கண்டுவிட்டால் வாங்கும் கருவியே நிலைமையை மோசமாக்கும்.

மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள் தூவியதுபோல் இருந்து, விரல் பட்டதும் கலைந்தால் அது டயாட்டம். புதுத் தொட்டியில் வரும். தண்ணீரில் இருக்கும் சிலிகேட்டைத் தின்று தீர்த்துவிட்டுச் சில வாரங்களில் தானே போகும். இதற்காக எதையும் வாங்க வேண்டாம்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் விரிப்புபோல் மணலை மூடி, தோலுரிவதுபோல் ஏடு ஏடாக வந்தால் அது சயனோபாக்டீரியா. பாசி என்று சொல்கிறோமே தவிர, ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா அது. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலைகளில்தான் முதலில் பிடிக்கும். ஆகவே தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரின் திசையைத் திருப்பிப் பாருங்கள், படிந்த கசடை உறிஞ்சி எடுங்கள்.

பச்சை முடிப்பாசி எல்லோருக்கும் தெரிந்ததே. நைட்ரேட், பாஸ்பேட்டைக் குறைத்தால் தளரும் வகை. பார்க்க அதைப்போலவே இருந்து, நுனி மட்டும் சிறு இறகு வடிவில் பிரிந்திருந்தால் அது பிரையாப்சிஸ். அது சத்துக் குறைப்புக்கு எளிதில் அடங்காது. பலர் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பயன்படுத்தி விரட்டுகிறார்கள். பச்சை முத்துபோல் உருண்டையாக இருப்பது குமிழ்ப்பாசி. அதை உடைக்காமல் கையால் பெயர்த்தெடுக்க வேண்டும்.

கடைசி வகைதான் ஆளைக் குழப்பும். பழுப்புச் சளி இழைகள், அவற்றில் சிக்கிய காற்றுக் குமிழிகள், மாலையில் அதிகமாகவும் விளக்கு எரியும் முன் குறைவாகவும் தெரிவது: இவை டைனோஃப்ளாஜெல்லேட்டின் அடையாளங்கள். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சிறு பாட்டிலில் எடுத்து, இழைகள் எல்லாம் கரையும்வரை குலுக்குங்கள். மெல்லிய வடிதாளில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் வையுங்கள். டைனோ என்றால் ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தெளிந்த தண்ணீரில் மறுபடி இழை கோத்துக்கொண்டு நிற்கும். நுண்ணோக்கி இருந்தால் இன்னும் உறுதியாகத் தெரியும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிய தொட்டிகளில்தான் டைனோ அடிக்கடி தலைதூக்குகிறது. அதை முடிப்பாசி என்று நினைத்து ஜிஎஃப்ஓ வாங்கிப் போட்டால் அதற்கு வழிவிட்டதாக ஆகிவிடும்.

நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு இருக்கலாம்?

கலப்புப் பவளத் தொட்டிக்கு நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை என்று வைத்துக்கொண்டால் வசதியாக இருக்கும். இதைவிட அதிகத்தில் நன்றாக ஓடும் தொட்டிகளும் உண்டு. பூஜ்ஜியத்தை மட்டும் இலக்காக வைக்காதீர்கள், பவளத்துக்கும் இந்த இரண்டும் தேவை.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில டிஜிட்டல் மீட்டர்கள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸை பிபிபி (லிட்டருக்கு மைக்ரோகிராம்) கணக்கில் காட்டும். அதை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். மீட்டரில் 20 என்று வந்தால் பாஸ்பேட் 0.06.

டெஸ்ட்டில் பூஜ்ஜியம் காட்டுகிறது, ஆனால் பாறை முழுக்கப் பச்சை. டெஸ்ட் கிட் கெட்டுவிட்டதா?

கிட் சரியாகத்தான் இருக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டும்தான் டெஸ்ட் அளக்கும். பாசி ஏற்கெனவே தின்று தன் உடம்பில் வைத்திருப்பது அதில் வராது. ஆகவே கையால் பிடுங்கி, தொட்டிக்கு வெளியே எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் வரத்து அதிகம் என்று பொருள்.

முதல் செலவு எதற்கு?

ஆர்ஓ/டிஐ யூனிட்டுக்கு, அதாவது மெம்பிரேனாலும் ரெசினாலும் குழாய் நீரிலிருந்து உப்புகளை நீக்கும் கருவிக்கு. ஸ்கிம்மருக்கும் முன்னால் இது.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் டாப்-அப் செய்கிறோம். ஆவியாவது தூய நீர் மட்டும், கூட வந்தவை எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊற்றும் தண்ணீரில் 10 பிபிஎம் நைட்ரேட் இருந்தால் ஒரு மாதத்தில் 900 மில்லிகிராம் சேரும், தொட்டிக்கு 4.5 பிபிஎம் கூடும். சிலிகேட், தாமிரம் எல்லாம் இதே வழியில்தான் வருகின்றன. வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே பெருக்கிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

வீட்டில் குடிக்கப் பயன்படுத்தும் ஆர்ஓ இதற்குப் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். மெம்பிரேனைத் தாண்டியும் கொஞ்சம் உப்புகள் வரும், குடிநீர் இயந்திரங்களில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதும் உண்டு. அதற்கு மேல் ஒரு டிஐ ரெசின் நிலை இருந்தால்தான் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும். நிறம் மாறும் ரெசினாக வாங்குங்கள், எப்போது மாற்ற வேண்டும் என்று கண்ணாலேயே தெரியும். உங்கள் குழாய் நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினியைக் கலக்கிறார்கள் என்றால் முன்னால் இருக்கும் கார்பன் பிளாக் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஸ்கிம்மர் அவசியமா? எந்த அளவு வாங்குவது?

மீன் கூட்டமாக இருக்கும் தொட்டிக்கு அவசியம் என்பேன். லைவ் ராக் (பாக்டீரியா குடியேறிய பாறை), வலுவான விளக்கு, நல்ல ஸ்கிம்மர் என்று பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் வகுத்த முறைதான் இன்றும் பல வீட்டுத் தொட்டிகளின் அடிப்படை.

ஸ்கிம்மர் நைட்ரேட்டையோ பாஸ்பேட்டையோ நேரடியாக எடுப்பதில்லை. புரதம், கொழுப்பு போன்ற கரிமப் பொருள்களுக்குக் காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. லட்சக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி, அவற்றில் ஒட்டியதை நுரையாக மேலே ஏற்றிக் கோப்பையில் கொட்டுவதுதான் அதன் வேலை. அந்தக் கோப்பையைத் திறந்து பார்த்தால் புரியும்: கறுத்த தேநீர்போல் ஒரு திரவம், கழுத்தைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாகப் பசை, மூக்கைத் திருப்பவைக்கும் நாற்றம். இவ்வளவும் தொட்டிக்குள்ளேயே அழுகியிருக்க வேண்டியது.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மீன் குறைவான தொட்டிக்கான உச்ச எண்தான் பெரும்பாலும் அது. மீன் அதிகம் என்றால் உங்கள் அளவைப்போல் ஒன்றரை மடங்கு போட்டிருப்பதைப் பாருங்கள். அதற்காக மிகப் பெரியதும் கூடாது. கழிவு குறைவாக இருந்தால் அகன்ற கழுத்தில் நுரை நிலையாக ஏறாமல், கோப்பை நாள்கணக்கில் காலியாகவே கிடக்கும்.

வாங்கியபின் இரண்டு விஷயம். புது ஸ்கிம்மர் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதுவரை பொங்குவதும் அடங்குவதுமாக இருக்கும், தினமும் திருகிக்கொண்டிருக்காதீர்கள். அப்புறம், சம்ப்பில் (ஃபில்டர் கருவிகள் நிற்கும் துணைத்தொட்டி) அது நிற்கும் அறையின் நீர்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். நீர்மட்டம் ஒரு விரல் அளவு ஏறினாலே நுரை ஈரமாகிக் கோப்பை நிரம்பி வழியும். கழுத்தைச் சில நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். பசை படிந்த கழுத்தில் நுரை ஏறாது.

ஃபில்டர் சாக்கா, ரோலரா?

நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. 200 மைக்ரான் சாக் மலிவானது, நன்றாக வேலை செய்யும், ஆனால் 2 முதல் 4 நாளுக்குள் எடுத்துத் துவைக்க வேண்டும். பிடித்த கழிவு அந்தப் பையிலேயே உட்கார்ந்து அழுகினால், தண்ணீர் அதன் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். துவைக்க நேரம் இருக்காது என்று தெரிந்தால், அழுக்கான பகுதியைத் தானே சுருட்டிப் புதுத் துணியை இறக்கும் ரோலருக்குச் செலவழிப்பது நியாயம். கழிவு தண்ணீரோடு கலந்திருக்கும் நேரம் குறைவதால் ஸ்கிம்மரின் கோப்பை முன்பைவிட மெதுவாக நிரம்பும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நன்னீர்த் தொட்டியில் பயன்படுத்திய கேனிஸ்டர் ஃபில்டர் இருக்கிறது. அது போதாதா?

வாரம் ஒருமுறை திறந்து கழுவுவீர்கள் என்றால் கார்பன் வைக்கவும் கசடு பிடிக்கவும் பயன்படும். மாதக்கணக்கில் திறக்காத கேனிஸ்டர் நைட்ரேட் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அம்மோனியாவைக் கையாளும் பாக்டீரியாவுக்கு லைவ் ராக்கே போதுமான இடம் தருகிறது.

ரிஃப்யூஜியம், ஆல்கே ஸ்க்ரப்பர் இரண்டில் எது?

இரண்டுக்கும் யோசனை ஒன்றே: வேண்டாத இடத்தில் வளரும் பாசியை, நாம் சொல்லும் இடத்தில் வளரவைத்து, அறுவடை செய்து தூக்கிப் போடுவது. என் மனதுக்குப் பிடித்த முறை இதுதான். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சேர்த்தே எடுக்கும், திடீரென்று எதையும் பூஜ்ஜியமாக்காது.

சம்ப்பில் ஓர் அறை காலியாக இருந்தால் ரிஃப்யூஜியம் வையுங்கள். கீட்டோ என்று சொல்லும் கீட்டோமார்ஃபாதான் நம்பகமானது, மீன்பிடி நரம்பைச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும். காலர்பா வகைகள் சில சமயம் ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குப் போய், சேர்த்துவைத்ததையெல்லாம் தண்ணீரிலேயே கொட்டிவிட்டு வெளுத்துவிடும், ஆகவே தவிர்ப்பது நல்லது. விளக்கில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பல ரிஃப்யூஜியங்கள் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் மங்கலான விளக்குதான். பிரதான விளக்கு அணைந்திருக்கும் இரவு நேரத்தில் இதை எரியவிட்டால் இரவில் பிஎச் சரிவதும் குறையும். கீட்டோ உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரலுக்கு மொறமொறப்பாக, அடர் பச்சையாக, சிறு பூச்சிகள்போல் கோப்பிபாடுகள் ஓடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது. உருண்டை இறுகியதும் பாதியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் வெளிச்சம் போகாமல் அழுகும்.

இடம் இல்லை என்றால் ஸ்க்ரப்பர். சொரசொரப்பான வலை மேல் தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட்டு, பக்கத்தில் பிரகாசமான விளக்கு வைத்துப் பாசி வளர்க்கும் இந்த முறையை ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி 1980களில் பரவலாக அறிமுகப்படுத்தினார். சிறிய இடத்தில் நிறையச் சத்தை எடுக்கும். வாரம் ஒருமுறையாவது வலையைச் சுரண்ட வேண்டும். விட்டுவிட்டால் அடிப்படலம் செத்து, பாசி மொத்தமாகப் பிய்ந்து சம்ப்புக்குள் போகும்.

பாஸ்பேட் மட்டும் அதிகம். ஜிஎஃப்ஓ போடலாமா?

போடலாம், கொஞ்சம் கொஞ்சமாக. ஜிஎஃப்ஓ என்பது இரும்பு ஆக்சைடு மணிகள், பாஸ்பேட்டைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். ரியாக்டரில் (தண்ணீர் மணிகள் ஊடாக ஓடும் குழாய்) மணிகளின் மேல்பரப்பு மட்டும் லேசாகக் கொதிப்பதுபோல் அசைந்தால் போதும். வேகமாகச் சுழன்றால் மணிகள் உரசித் தூளாகும்.

என் தொட்டியில் பாஸ்பேட் 0.30 இருந்த சமயத்தில், பொறுக்க முடியாமல் பரிந்துரைத்த அளவு முழுவதையும் ஒரே நாளில் ரியாக்டரில் நிரப்பினேன். நான்காம் நாள் அளந்தால் 0.02. முடிப்பாசி அப்படியேதான் இருந்தது. மறுவாரம் அக்ரோபோரா என்ற கல்பவளத்தின் கிளை நுனிகள் எரிந்ததுபோல் வெள்ளையாகி, இரண்டு காலனிகளில் திசு உரிந்து எலும்புக்கூடு தெரிந்தது. ஐந்து வருடமாக வளர்ந்த காலனிகள் அவை. அதிலிருந்து, பரிந்துரைத்த அளவில் கால் பங்கில் தொடங்கி, நான்கு நாளுக்கு ஒருமுறை அளந்து பார்த்துத்தான் கூட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

லாந்தனம் குளோரைடு திரவம் இன்னும் வேகமானது. அது உண்டாக்கும் வீழ்படிவு மீனின் செவுளைப் பாதிக்கும், டாங் மீன்களை அதிகமாக. அனுபவம் வரும்வரை தொடாதீர்கள்.

ஆக்டிவேட்டட் கார்பன்?

தண்ணீரின் மஞ்சள் நிறத்தையும் பவளங்கள் ஒன்றையொன்று தாக்க வெளியிடும் வேதிப்பொருள்களையும் எடுக்கும். நைட்ரேட், பாஸ்பேட்டை எடுக்காது. வைப்பது நல்லது, பாசிக்காக வாங்க வேண்டாம்.

வினிகர், பயோ பெல்லெட் முறைகள்?

வினிகரையோ பயோ பெல்லெட் என்ற மணிகளையோ பாக்டீரியாவுக்குக் கார்பன் உணவாகக் கொடுத்துப் பெருகவைத்து, அது பெருகும்போது நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் உள்ளிழுக்க, அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியே எடுக்கிறது. ஆகவே வலுவான ஸ்கிம்மர் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனையும் இழுக்கும், அளவு கூடிய இரவில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

யுவி விளக்கு பாசியைப் போக்குமா?

தண்ணீரில் மிதப்பதை மட்டும். தொட்டி பச்சைத் தண்ணீராக மாறியிருந்தால் சில நாளில் தெளிந்துவிடும். இரவில் பாறையை விட்டு நீருக்குள் வரும் ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற டைனோ வகைக்கும் நன்றாகப் பயன்படும், அதற்குத் தொட்டியிலிருந்தே நேராகத் தண்ணீரை எடுத்து மெதுவாக ஓடவிட வேண்டும். மணலிலேயே தங்கும் வகைகளுக்கும் பாறையில் ஒட்டிய முடிப்பாசிக்கும் எந்தப் பயனும் இல்லை. விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு வருடத்தில் வீரியம் குறைந்திருக்கும். குவார்ட்ஸ் குழாயில் படியும் வெள்ளைப் படலத்தையும் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

சம்ப் இல்லாத சின்னத் தொட்டி. என்ன செய்யலாம்?

60, 70 லிட்டர் என்றால் கருவிகளைத் தேட வேண்டாம். வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுவதே சிறந்த ஃபில்டர், வாளியும் குழாயும் போதும். பின்னால் தொங்கும் ஃபில்டரில் பஞ்சு வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெரிய தொட்டியில் தண்ணீர் மாற்றுவது மட்டும் போதாது. நைட்ரேட் 40 இருக்கும்போது 10 சதவீதம் மாற்றினால் 36 ஆகும், அடுத்த வாரத் தீனியில் அந்த 4 திரும்ப வந்துவிடும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. இரண்டு மாதமாகியும் பாசி போகவில்லையே?

பாறையைப் பாருங்கள். பல மாதம் பாஸ்பேட் அதிகமாக இருந்த தொட்டியில் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீரில் அளவு இறங்க இறங்க, உள்ளே இருப்பது மெல்லக் கசியும். ஜிஎஃப்ஓ ஒரே வாரத்தில் தீர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். கருவி பழுது என்று நினைத்து அடுத்ததை வாங்கிவிடாதீர்கள்.

கூடவே கைவேலையும் வேண்டும். நீண்டு வளர்ந்த முடிப்பாசியை நத்தைகள் தின்னாது, குட்டையாக இருந்தால்தான் மேயும். கழற்ற முடிந்த பாறையை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்துப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, வேறு உப்புநீரில் அலசித் திரும்ப வையுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துண்டுகள் பரவி நாலு இடத்தில் முளைக்கும். தேய்த்த இரண்டு நாளுக்குள் டர்போ நத்தைகளை விடுங்கள்.

இரண்டு மூன்று கருவிகளை ஒரே நேரத்தில் மாட்டலாமா?

வேண்டாம். ஒன்றை மாட்டி, மூன்று நான்கு வாரம் வாரந்தோறும் அளந்து எழுதிவையுங்கள். எண் எப்படி நகர்கிறது என்று தெரிந்தபின் அடுத்தது.

பாசி போய்விட்டது. இனி எதைக் கழற்றலாம்?

முதலில் ஜிஎஃப்ஓ. அதையும் ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு வாரம் அளவைக் குறைத்து, பாஸ்பேட் 0.1ஐத் தாண்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ரியாக்டரைக் கழுவி உள்ளே வைத்துவிடலாம். யுவியைப் பச்சைத் தண்ணீருக்காக மாட்டியிருந்தால் அதையும் அணைக்கலாம். ஸ்கிம்மர், சாக், டாப்-அப்புக்கு ஆர்ஓ/டிஐ தண்ணீர் மூன்றும் அப்படியே தொடரட்டும். கீட்டோ மெலிந்து வெளிறினால் தண்ணீரில் சத்துக் குறைந்திருக்கலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளந்து பார்த்து, இரண்டும் அடிமட்டத்தில் இருந்தால் ரிஃப்யூஜியம் விளக்கை நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைத்து, மீனுக்கு ஒரு வேளைத் தீனி கூடுதலாகப் போடுங்கள்.